வேன்காரருக்கு ஒரு நன்றிக் கூட்டம்

உயிரோடு இருக்கிற மனிதனைப் பிடித்து மேடையில் உட்காரவைத்து, அவன் காதுபடப் புகழ்ந்து தள்ளுவது சின்னத் தண்டனை இல்லை. செத்தவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பான். வேன்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எழுபத்தைந்து வயதில், கஞ்சி போட்ட சட்டைக் காலர் கழுத்தை அறுக்க, பிரார்த்தனைக் கூடத்து மேடையில் ஒற்றை நாற்காலியில் எல்லாரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கூடத்தில் அப்படி ஒரு ஏற்பாடு. காலமெல்லாம் ஊருக்கு உழைத்தவரை, அவர் போன பிறகு அழுதுகொண்டே நினைப்பதைவிட, இருக்கும்போதே கூப்பிட்டு நன்றி சொல்லிவிட வேண்டும் என்பார்கள். நன்றி பெறுகிறவர் எல்லாரும் பேசி முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது. முதலில் வெளியாட்கள் பேசுவார்கள், கடைசியில் வீட்டு ஆள், அதற்கும் பிறகுதான் அவர். நல்ல ஏற்பாடுதான், வீட்டில் வில்லங்கம் எதுவும் இல்லாதவரை.

வேன்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணமான புதிதில், உடைத்து விற்கப் போன ஒரு பழைய வேனை வாங்கிவந்து, எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப்போட்டு மறுபடி ஓடவைத்தார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஆள் நீட்டிப் படுக்கிற மாதிரி ஒரு பலகையும் அதன்மேல் ரெக்ஸின் மெத்தையும் போட்டார். அன்றிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும், யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யாரைக் கடைசியாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். வேன்கள் தேய்ந்து வேறு வேன்கள் வந்தன. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது ஆளே இல்லை.

காலையில் எழுந்ததும் வண்டிச் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். இன்றைக்கு யார் கூப்பிட்டாலும் ‘முடியாது’ என்று என் வாயில் வரக் கூடாது, ஆண்டவா. அவ்வளவுதான் அவருடைய பிரார்த்தனை. மனிதர்கள் கேட்கிற எத்தனையோ வேண்டுதல்களைக் கிடப்பில் போடுகிற ஆண்டவன், இந்த ஒன்றை மட்டும் கொஞ்சமும் குறைவைக்காமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தான்.

முதலில் சலவைக் கடைக்காரர் மைக்கைப் பிடித்தார். தன் மூத்த மகன் பிறந்த அன்றைக்கு கொட்டு கொட்டென்று மழை கொட்டியதையும், ரோட்டில் ஒரு வண்டி ஓடாததையும், வேன்காரர் சட்டைப் பித்தான்கூடப் போடாமல் வந்து நின்றதையும் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. வேன்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. வெளியே காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் சிரமப்பட்டார். பிறகு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எழுந்தார். தன் தகப்பனாரின் கடைசி நாட்களில், பெற்ற பிள்ளைகளே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனபோது, இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்ததைச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த வேன்காரருக்கு அந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அப்போது மகளுக்கு அம்மை போட்டிருந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது குழந்தை அவரைப் பார்த்துவிட்டு, யாரோ வந்திருக்காங்க என்று அம்மாவிடம் சொன்னது. அப்போது அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு டிப்போவில்கூடச் சொல்லிச் சிரித்தார். இப்போது அந்த மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை, நகரத்தின் மறுகோடியில் வீடு. எல்லாரும் கை தட்டும்போது அவள் மட்டும் அம்மாவின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். என்ன இவள், நாலு பேருக்கு முன்னால் கொஞ்சம் தட்டினால் கை தேய்ந்துவிடுமா என்று வேன்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

தலைமையாசிரியை அதோடு விடவில்லை. கூடத்துத் தொண்டர் குழுவுக்கு வேன்காரர் கற்றுக்கொடுத்த பாடத்தைப் பற்றியும் பேசினார். விபத்து நடந்த இடத்துக்குப் போனால், ஐயோ காலு, ஐயோ கையி என்று கத்துகிறவனிடம் முதலில் ஓடாதே. கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. சத்தமே போடாமல் ஓரமாகக் கிடக்கிறான் பார், அவனைத் தூக்கு. பேச முடிகிறவர்கள் காத்திருக்கலாம். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை உயிரைப் பிழைக்கவைத்திருக்கிறார் என்று அந்த அம்மா சொல்ல, கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டியது. வேன்காரரும் தன்னையறியாமல் ஆட்டினார்.

கடைசியில் வீட்டு ஆளைக் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவியை அந்தப் பகுதியில் டெய்லரம்மா என்பார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தைத்தே ஒரு தலைமுறைக்கு அளவு தெரிந்தவர். கூடத்தின் ஜன்னல் திரைகள்கூட அவர் கைவேலைதான். போன வருஷம் எப்போதோ தையலை நிறுத்தினார். மிஷினை மூடி மூலையில் தள்ளிவைத்தார். அப்பாடா, இப்போதாவது ஓய்வெடுக்கிறாளே என்று வேன்காரர் சந்தோஷப்பட்டு, தனக்கு வந்த கேடயங்களையெல்லாம் அந்த மிஷின்மேல் வரிசையாக அடுக்கினார். இடம் வாகாக இருந்தது.

மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்து மேடைப் படி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். டெய்லரம்மா படியின்மேல் உடனே கால் வைக்கவில்லை. செருப்பு நுனியால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். கூடத் தலைவர் முகமெல்லாம் பல்லாக அவருடைய இடதுபக்கம் வந்து நின்று பூங்கொத்தை நீட்டினார். டெய்லரம்மா வாங்கவில்லை. பூங்கொத்து அவர் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவரோ கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். தலைவர் நீட்டிய கையை மடக்கவும் முடியாமல், நீட்டிக்கொண்டே நிற்கவும் முடியாமல் அசடு வழிந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "அம்மா, இந்தப் பக்கம்" என்று மகள் கீழேயிருந்து மெதுவாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் டெய்லரம்மா தலையை முழுக்கத் திருப்பி, வலது கண்ணுக்கு நேராக அந்தப் பூக்களைக் கொண்டுவந்து பார்த்து, வாங்கிக்கொண்டார்.

அந்தத் தலைத்திருப்பலை வேன்காரர் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறார். ஒரு பக்கம் பார்வை அணைந்துபோனவர்கள் அப்படித்தான் திரும்புவார்கள். நடையைப் பார்த்தே குடித்தவன் யார், வாதம் அடித்தவன் யார் என்று சொல்லிவிடுகிற மனிதர் அவர். ஒரே கூரைக்குக் கீழே, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தினமும் தன்னோடு சாப்பிடுகிற மனைவியின் இடது கண் போய்விட்டது என்பது, ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில்தான் அவருக்குத் தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை. காது மடல்கள் சுட்டன. எழுந்து போய்விடலாம் என்றால், நடுமேடையில் உட்காரவைத்திருக்கிறார்களே, பாவிகள்.

டெய்லரம்மா மைக்கில் நிறையப் பேசவில்லை. "எனக்குப் பேச வராது. அவர் இருக்கற இடத்துல யாரும் தனியாக் கஷ்டப்பட்டதில்ல. எங்களுக்கும் ஒரு குறையும் வச்சதில்ல. அவ்வளவுதாங்க" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவர் குரலில் குத்தல் இருக்கிறதா என்று வேன்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். துளிகூட இல்லை. நாலு பேருக்கு முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்காத பழக்கம், அவ்வளவுதான். குத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பிறகு அவர் முறை. எழுந்து மைக்குக்கு முன்னால் நின்றார். தயார் செய்து வைத்திருந்த பேச்சு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கண்ணைப் பற்றிச் சொன்னால் அவளைக் காட்சிப்பொருளாக்கின மாதிரி ஆகும். சொல்லாமல் நன்றியை வாங்கிக்கொண்டாலோ தொண்டையில் இறங்காது. கடைசியில், "நீங்க சொல்ற ஆள் நான் இல்லைங்க. என் வீட்டையே நான் பார்க்கல. உண்மையாத்தான் சொல்றேன்" என்றார். அந்த மேடையில் நின்ற ஒவ்வொருவரும் வருஷா வருஷம் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தன்னைத் தாழ்த்திப் பேசுவது அங்கே ஒரு மரியாதை. ஆகவே இவர் சொன்னதையும் எல்லாரும் அதே கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய மனசு, எவ்வளவு அடக்கம் என்று தலைமையாசிரியை பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. கூட்டம் எழுந்து நின்று தட்டியது. நிஜத்தைச் சொல்லியும் கைதட்டல் வாங்கின அவமானம் அதுவரை அவருக்கு நேர்ந்ததில்லை.

கூட்டம் கலைந்து, பக்கத்து அறையில் சாப்பாட்டுக்கு வரிசை நின்றது. மனைவி எங்கே என்று வேன்காரர் தேடிக்கொண்டு போனார். அதற்குள் சலவைக் கடைக்காரர் தட்டும் கையுமாகக் குறுக்கே வந்தார். அவருடைய அம்மாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து இப்போது தேறிவருகிறது. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் நடைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வண்டி வருமா என்று கேட்டார். கேட்டு முடிக்கக்கூட இல்லை.

"வந்துடறேன், அதுக்கென்ன" என்றார் வேன்காரர்.

சொன்னது அவர் வாய்தான். மூளைக்கு அதில் பங்கே இல்லை. பின்னால் மகள் நின்றுகொண்டிருந்தாள். சலவைக் கடைக்காரர் நகர்கிறவரை பொறுத்திருந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "அப்பா, திங்கக்கிழமை அம்மாவுக்கு ஆபரேஷன். இருக்கிற கண்ணுக்கு. அதையும் விட்டா, அப்புறம் ஒண்ணும் இல்ல."

மீதியையும் அவளே சொன்னாள். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பைத் தின்கிற நோய். வலிக்காது. ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வரும். இடதுபக்கம் போனது போனதுதான், திரும்பாது. அம்மா தனியாகவே பஸ் பிடித்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தது அவளுக்கே போன மாதம்தான் தெரியும், அதுவும் மருந்துக்கடையில் வேறு ஏதோ வாங்கும்போது அம்மா தெரியாத்தனமாகக் கண்ணாஸ்பத்திரிச் சீட்டையும் நீட்டியதால். அப்பாவிடம் சொல்லவே கூடாது, கூட்டம் முடியட்டும், மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாராம்.

டெய்லரம்மா சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பூங்கொத்து மடியில் கிடந்தது. வேன்காரர் குனிந்து, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டார். கேட்கும்போதே அவருடைய குரலில் கோபம் எட்டிப் பார்த்தது. தப்புச் செய்தவனுக்குத்தானே முதலில் கோபம் வரும்.

"சொன்னேனே" என்றார் டெய்லரம்மா. "ஊசியில நூல் கோக்க முடியலன்னு சொன்னேன். அடுத்த வாரம் போலாம்னீங்க. வாசப்படி தட்டி விழுந்தப்போ மறுபடி சொன்னேன். அன்னைக்கு யாருக்கோ ரத்தம் வேணும்னு கிளம்பிட்டீங்க. உங்க கணக்குல பேசறவங்க காத்திருக்கலாம் இல்லையா, அதான் காத்திருந்தேன். அப்புறம் பேசறதை நிறுத்திப் பார்த்தேன். அப்பவாவது வந்து பார்ப்பீங்கன்னு."

வேன்காரருக்குத் தையல் மிஷினும் அதன்மேல் அடுக்கின கேடயங்களும் கண்முன் வந்தன. ஐயோ, என் புத்தி எங்கே போயிற்று என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்துக்கொண்டிருந்தால் அதையும் அடக்கம் என்று சொல்லிவிடுவார்களோ என்னவோ. அவர் நேராகச் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்.

சலவைக் கடைக்காரரிடம் திங்கட்கிழமை முடியாது என்று சொல்ல வேண்டும். சின்ன விஷயம். ஆனால் அந்த வார்த்தையை இத்தனை வருஷமாக வாய் பழகவே இல்லை. என்னென்னவோ சுற்றி வளைத்து, கடைசியில் வேர்த்து விறுவிறுத்துப்போய்ச் சொல்லி முடித்தார். மைக்கில் பேசிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே மனிதர், பூரிப்பெல்லாம் வடிந்துபோன முகத்தோடு பார்த்தார். "பரவால்லீங்க. உங்களுக்கும் வயசாயிடுச்சு. வேற யாரையாவது பார்த்துக்கறேன்" என்றார். அவ்வளவு சுலபம். வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளலாமாம். எத்தனை தடவை இப்படி வேறு யாரையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று வேன்காரர் எண்ணிப் பார்த்தார்.

திரும்பி வந்து, திங்கட்கிழமை நான் கூட்டிப் போகிறேன் என்றார் மனைவியிடம். டெய்லரம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. மகள் லீவு போட்டாயிற்று, கார் சொல்லியாயிற்று, உங்களுக்கு எதற்கு அலைச்சல் என்றார். அவர் விடாமல் கேட்கவே, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க கூட வந்தா எனக்குப் பதட்டமா இருக்குங்க. பாதியில யாராவது கூப்பிடுவாங்க, நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு. கண்ணைக் கட்டிட்டு உள்ள படுத்திருக்கும்போது அதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்கணும். அதுக்குத் தனியாப் போறதே நிம்மதி."

யாரோ முகம் தெரியாதவர்களுக்கெல்லாம், அவர் வந்துவிட்டால் போதும், உயிர் வந்த மாதிரி இருக்குமாம்; அன்றைக்குக் காலை முழுக்க மைக்கில் அதைத்தான் சொன்னார்கள். கட்டின மனைவிக்கு அவர் வராவிட்டால்தான் நிம்மதி. வேன்காரர் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் கூனிக் குறுகி நின்றார். அப்புறம், போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன் என்றார். கெஞ்சுகிற குரல். டெய்லரம்மாவுக்கு அது புதிது போல. தலையைத் திருப்பி அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். சரி, வாங்க என்றார்.

திங்கட்கிழமை போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டுத்தான் கிளம்பினார். வழக்கம்போலச் சாவியை உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். என்ன கேட்பதென்று தெரியவில்லை. சும்மா நின்றுவிட்டு வண்டியை எடுத்தார். டெய்லரம்மா முன்சீட்டில் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார். மகள் பின்னால், நோயாளிகள் படுக்கிற அந்தப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் வேன்காரர், மேடு பள்ளம் பார்த்து, பச்சைக் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி ஓட்டினார். அவ்வளவு மெதுவாகப் போக வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கேன் என்று டெய்லரம்மா சொன்னார்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் வாசல் காவலாளியிலிருந்து பிணவறை ஆள் வரைக்கும் அவருக்குக் கும்பிடு போடுவார்கள். இந்தக் கண்ணாஸ்பத்திரிக்கு அவர் வந்ததே இல்லை; உயிர் போகிற அவசரக்காரர்கள் யாரும் கண்ணாஸ்பத்திரிக்குப் போவதில்லை. அண்ணாந்து உட்கார்ந்து சொட்டு மருந்தை ஊறவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அவரை யாருக்கும் தெரியவில்லை. டெய்லரம்மாவைத்தான் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தண்ணீர் வைக்கிற பெண்கூட, என்னம்மா சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நடுத்தர வயது நர்ஸ் ஒருவர் வந்தார். என்ன மருந்து போடுகிறார்கள், சர்க்கரை உண்டா, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று கேட்கக் கேட்க மகள் பதில் சொன்னாள். ஊரில் பாதிப் பேருடைய ரத்த வகை வேன்காரருக்கு மனப்பாடம். இதில் ஒரு கேள்விக்குக்கூட அவரிடம் பதில் இல்லை. வாய் பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஐயா யாரு என்று கேட்டார்.

டெய்லரம்மா கொஞ்சம் தடுமாறினார். "எங்க வீட்டுக்காரர்."

நர்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, நீங்கதானா? உங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருப்போங்க. கண்ணுல மருந்து விட்டா மங்கலா இருக்கும், தனியா வராதீங்கம்மான்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். எங்க வீட்டுக்காரர் வெளியூர்ல வேலையா இருக்கார், லீவே கிடைக்கலம்மா, இல்லன்னா என்னை விட்டுட்டு இருக்கமாட்டார்னு சொல்வாங்க. நானே ரெண்டு மூணு தடவை கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப்போய் பஸ் ஏத்திவிட்டிருக்கேன். இந்த வயசுலயும் மனுஷருக்கு இப்படியொரு வேலையான்னு நாங்களே பாவப்படுவோம். எப்பங்க வந்தீங்க?"

வேன்காரர் மனைவியைப் பார்த்தார். டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டு பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தார். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. பொய் பிடிபட்டுவிடுமோ என்ற பயம் அவருக்கு. யாருக்காகச் சொன்ன பொய் என்பது வேன்காரருக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்லலாம். இதே ஊரில்தான் எங்கள் வீடு, நான் எங்கேயும் போகவில்லை, எல்லா நாளும் இங்கேதான் இருந்தேன் என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை பிரியமாக நடத்துகிற இந்த நர்ஸுக்கு முன்னால் அவள் பொய்க்காரி ஆவாள். அவருக்குக் கண் கலங்கியது. மறைக்கவும் இல்லை, கண்ணாஸ்பத்திரியில் யார் கவனிக்கப்போகிறார்கள்.

"இன்னைக்குக் காலைலதாம்மா வந்தேன்" என்றார்.

"ரொம்ப நல்லது. இனிமே அம்மா கூடவே இருப்பீங்கதானே?" என்று கேட்டார் நர்ஸ்.

அவர் வாயைத் திறப்பதற்குள் டெய்லரம்மா முந்திக்கொண்டார்.

"லீவு எத்தனை நாளுன்னு இன்னும் தெரியலம்மா" என்றார்.